அரை டிகிரி

எனக்கு வெக்கை ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வெயிலில் பத்து நிமிடம் நின்றால் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். அதனால் இந்த அறையின் சன்னலைத் திறந்து வைத்ததற்கும், நான் கேட்காமலே மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டதற்கும் முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எழுதி எழுதிப் பழகிய கைதான்.

என் வேலை கல்லைத் தின்னும் உயிர்களை வளர்ப்பது. இப்படிச் சொன்னால் கல்யாண வீடுகளில் ஆட்கள் சிரித்துவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் விஷயம் அவ்வளவுதான். செம்புத் தாதுவை மாவாக அரைத்து அமிலத் தண்ணீரில் குழம்பு போலக் கலக்கிப் பெரிய தொட்டியில் விடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்கள் தாதுவில் இருக்கும் கந்தகத்தையும் இரும்பையும் தின்று பிழைக்கின்றன. அவை தின்னத் தின்ன, சிறைப்பட்டிருந்த செம்பு விடுபட்டுத் தண்ணீரில் இறங்குகிறது. தண்ணீர் நீலமாகிறது. உலையும் வேண்டாம், புகையும் வேண்டாம்.

சிக்கல் சூட்டில்தான். அவை தின்னும்போதே தொட்டி கொதிப்பேறும். சாதாரண வகை நாற்பத்தைந்து டிகிரியில் சுருண்டுவிடும். எங்களுடையது வெந்நீர் ஊற்றுச் சேற்றிலிருந்து வந்த சாதி; அறுபத்தெட்டில் உற்சாகமாக இருக்கும். ஆனால் எங்கள் சுரங்கத்துத் தாது பிடிவாதம் பிடித்தது. எண்பதுக்குப் பக்கத்தில் போனால்தான் இளகும். அறுபத்தெட்டிலிருந்து எண்பதுக்கு அவற்றைக் கொண்டுபோவதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பதினோரு வருடம் ஆயிற்று.

எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. ஒரேயடியாக இரண்டு டிகிரி ஏற்றினால் குடுவையில் உள்ள எல்லாமே செத்துப்போகும். அரை டிகிரி ஏற்றினால் பெரும்பாலானவை சாகும், சில தாங்கும். தாங்கினவற்றை மட்டும் எடுத்துப் புதுக் குடுவையில் விட வேண்டும். பத்து நாள் பொறுக்க வேண்டும். அவற்றின் பிள்ளைகளுக்கு அந்தச் சூடு பிறந்த வீடு. பிறகு இன்னொரு அரை டிகிரி. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆத்திரம் கூடாது, இரக்கமும் கூடாது. தாங்காததைக் காப்பாற்றப் போனால் தாங்குகிறது கெட்டுவிடும். எண்பதில் தொட்டிகள் ஓட ஆரம்பித்த அன்று, நூறு பங்கு செம்பில் தொண்ணூற்று நாலு பங்கு வெளியே வந்தது. மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கை ஈரமாக இருந்தது, துடைத்துக்கொண்டேன்.

தொட்டிகள் மொத்தம் ஆறு. ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். எல்லாம் ஒரே கூடத்துக்குள். தொட்டித் தலைமட்டத்தில் இரும்புச் சட்ட நடைபாதை ஓடும். அதில்தான் ஆட்கள் நிற்பார்கள். மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து நீளக்கரண்டியால் மாதிரி எடுப்பது, ஓரத்தில் படியும் பொருக்கைச் சுரண்டுவது, காற்றுக்குழாய் அடைக்காமல் பார்த்துக்கொள்வது. பகல் முறையில் ஏழு பேர். ஏழு பேரில் ஒருவன் என் தம்பி.

அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாறு. தலை வாரிவிட்டது, பள்ளியில் சேர்த்தது, பெண் பார்த்தது எல்லாம் நான். ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவனும் அவன் மனைவியும் முன் அறையில், நான் பின் அறையில். கூடத்து ஆட்கள் எனக்குப் பூச்சியக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதையும் அவன்தான் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தான்.

கூடத்துச் சுவரில் வாசலுக்கு மேலே ஒரு பலகை உண்டு. உள்ளே எத்தனை டிகிரி என்று சிவப்பு எழுத்தில் காட்டும். பாதுகாப்பு அதிகாரி ஒரு விதி எழுதி ஒட்டியிருந்தார். முப்பத்தெட்டைத் தாண்டினால் மணிக்குக் கால்மணி நேரம் எல்லோரும் கீழே இறங்கி இளைப்பாற வேண்டும். நாற்பத்திரண்டைத் தாண்டினால் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். போன கோடையில் ஒரு நாள் பலகை முப்பத்தெட்டரை காட்டியது. ஏழு பேரும் இறங்கிப்போய்த் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் உட்கார்ந்து கதை பேசினார்கள். அந்தக் கால்மணி நேரத்தில் ஆறாம் தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்துக்கொண்டது. மேலே ஓர் ஆள் நின்றிருந்தால் குமிழி நின்றதைப் பார்த்திருப்பான். என் உயிர்கள் மூச்சு முட்டிச் செத்தன. எட்டு மாத வேலை, பழுப்புச் சேறாக அடியில் படிந்தது.

நான் யாரையும் திட்டவில்லை. அறைக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். கண்ணும் மூக்கும் இல்லாத ஒன்றை எண்பதில் நிற்கப் பழக்கிவிட்டேன். கையும் காலும் அறிவும் உள்ள மனிதன் முப்பத்தெட்டில் நிற்க மாட்டேன் என்கிறான். அது முடியாமை இல்லை, பழக்கக்குறைவு. பழக்குவதற்கு யாரும் முயற்சி செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஆலையில் உள்ள எல்லா வெப்பமானிகளையும் சரிபார்ப்பது என் பொறுப்பு. பலகையைத் திறந்து திருகாணியை எந்தப் பக்கம் திருகினால் எவ்வளவு குறைத்துக் காட்டும் என்பது எனக்கு மனப்பாடம். கூடத்து வெளியேற்று விசிறிகளின் தகடுகளைத் திறந்து மூடும் விசையும் என் அறையில்தான் இருந்தது. நான் விசிறிகளை நிறுத்தவில்லை. அதை யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தகடுகளைத்தான் விரற்கடை விரற்கடையாகச் சாய்த்தேன். விசிறி ஓடும் சத்தம் கேட்டால் காற்றும் வருகிறது என்று மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள்.

கூடம் அப்போது முப்பத்து நாலில் இருந்தது. பத்து நாளுக்கு அரை டிகிரி.

முதல் இரண்டு மாதம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு அந்த ஏழு பேரில் ஒருவரான மேஸ்திரி, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். கொடுத்தேன். வீட்டில் ஒரு நாள் சாப்பிடும்போது தம்பி கேட்டான்.

"ஏன்க்கா, அந்தப் பலகை ஒழுங்காத்தான் காட்டுதா? முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. எனக்கு என்னவோ அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு."

"போன வாரந்தான் சரி பார்த்தேன். உனக்கு வயசாகுது."

"நாப்பத்தொண்ணு ஒரு வயசாக்கா?" என்று சிரித்தான். "உன் பூச்சிங்களைக் கவனிக்கிறதுல பாதி எங்களைக் கவனிச்சா, நாங்களே செம்பைக் கக்குவோம்."

அவன் மனைவி முறைத்தாள். "சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு இது? அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த நம்பிக்கை எனக்கு மிகவும் உதவியாக இருந்தது. கூடத்தில் யாராவது பலகையைப் பற்றி முணுமுணுத்தால் தம்பியே வாயை அடைத்துவிடுவான். "எங்கக்கா பார்த்து வெச்சது. அரைப் புள்ளி தப்பாது" என்பான். நானாகப் போய்ச் சொல்லியிருந்தால் இவ்வளவு எடுபட்டிருக்காது.

அவர்களைக் கவனிக்கவில்லை என்று அவன் சொன்னது எனக்கு உறுத்தியது. மறுநாளிலிருந்து ஏழு பேருக்கும் தினமும் நாடி பார்த்தேன், எடை பார்த்தேன். ஆளுக்கொரு குடுவை, பெயர் எழுதி ஒட்டி, சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருட வேலையில் எந்த அதிகாரியும் தன் கையைப் பிடித்து நாடி பார்த்ததில்லை என்றார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்தேன். அது இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. கட்டம் கட்டி எழுதியிருப்பேன், படிக்கச் சிரமம் இருக்காது.

குடுவைகளைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். நாலு குடுவையில் உப்புப் போட்டேன், மூன்றில் போடவில்லை. வியர்வையில் உப்புத்தான் முதலில் போகும். உப்பில்லாமல் ஓர் ஆள் எவ்வளவு தூரம் வருவான் என்று தெரிய வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். ஒப்பிடாத சோதனை வெறும் வம்புப்பேச்சு. யாருக்கு உப்பு, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தேன். தம்பி பெயர் உப்பில்லாத பக்கம் விழுந்தது. சீட்டை மாற்றவில்லை. சொந்தத் தம்பி என்று மாற்றியிருந்தால்தான் அது அநியாயம்.

ஏழு பேரில் வாத்தியார் என்று ஒருவர். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, பள்ளியை மூடியபின் இங்கே வந்தவர். படித்தவர், அதனால் சந்தேகமும் அதிகம். ஒரு நாள் வீட்டுச் சுவரில் மாட்டுகிற கண்ணாடி வெப்பமானி ஒன்றைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, மேலே நடைபாதையில் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். நேராக என் அறைக்கு வந்தார்.

"மேடம், இது நாப்பத்தொண்ணரை காட்டுது. பலகையில முப்பத்தஞ்சரை. ஆறு டிகிரி இடிக்குதே."

"அமிலப் புகை பட்டா கண்ணாடி ஏமாத்தும். வெச்சிட்டுப் போங்க, சரி பார்த்துத் தர்றேன்."

அவருடையது நல்ல வெப்பமானி. தப்பே காட்டவில்லை. ஆய்வகத்தில் அதே போல, ஆறு டிகிரி குறைத்துக் காட்டுகிற பழுதான ஒன்று கிடந்தது. அதைத் துடைத்து அவருடைய கயிற்றையே கட்டி மறுநாள் கொடுத்தேன். மேலே போய்த் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"மன்னிச்சிருங்க மேடம். எனக்கே என்மேல சந்தேகம் வந்திருச்சு. உடம்புக்குத்தான் ஏதோ ஆயிருச்சு போல."

"டாக்டரைப் பாருங்க" என்றேன். பார்த்தார். டாக்டர் தூக்கமாத்திரை கொடுத்தார். மூன்றாவது வாரம் வாத்தியார் படியிலிருந்து மயங்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. நோட்டில் அவர் வரிசைக்கு எதிரே 'தாங்கவில்லை' என்று எழுதி மூடினேன். அடுத்த மாதம் இன்னொருவர் மூத்திரத்தில் ரத்தம் போகிறது என்று வேலையிலிருந்து நின்றுகொண்டார். ஐந்து பேர் மிஞ்சினார்கள். எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. மிஞ்சுகிறவர்கள்தான் என் வேலையில் முக்கியம். உண்மையிலேயே அந்த ஐந்து பேரும், வேலை தொடங்கிய மாதத்தைவிட ஒழுங்காக மாதிரி எடுத்தார்கள். பேச்சுக் குறைந்துவிட்டது. பேசுவதற்கு மூச்சு வேண்டுமே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூடத்துச் சூட்டால் தொட்டிகளுக்கு எந்த லாபமும் இல்லை. தொட்டிகளைச் சுற்றி ஒரு முழக் கனத்துக்கு உறை போட்டிருக்கிறது. வெளியே பனி பெய்தாலும் தீப்பிடித்தாலும் உள்ளே எண்பதுதான். முப்பத்து நாலிலேயே கூடத்தை வைத்திருக்கலாம். கோடையில் மட்டும் இன்னும் இரண்டு விசிறி போட்டிருந்தால் இளைப்பாறும் நேரமே வந்திருக்காது. மேலாளரிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு ஆறாம் தொட்டி எனக்கு நினைவிலேயே இல்லை. எத்தனை வரை போவார்கள் என்பதுதான் நினைவில் இருந்தது.

நாற்பத்து நாலு வரை ஒழுங்காகப் போனேன். அதன்பிறகு நான் செய்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆண்டு மராமத்துக்காகக் கூடத்தைப் பத்து நாள் மூடப்போவதாக அறிவித்தார்கள். பத்து நாள் வெளியே குளிர்ந்த காற்றில் சுற்றினால் பழகினது எல்லாம் கரைந்துபோகும். அதற்குள் ஓர் அளவையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரே வாரத்தில் இரண்டு டிகிரி ஏற்றினேன். குடுவையில் ஒருநாளும் செய்யாத காரியம். நாற்பத்தாறு. பலகை முப்பத்தேழு காட்டியது.

வியாழக்கிழமை பிற்பகல். மூன்று மணிக்கான மாதிரியை எடுக்க வேண்டிய நேரம். மேஸ்திரி தம்பியின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"மேடம், இவன் ஒரு மாதிரி பேசறான். வேர்வையே இல்ல பாருங்க. வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

நாடி பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு. தோல் காய்ந்து காகிதம் போல இருந்தது. வியர்வை நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, தண்ணி வேணும்" என்றான்.

அவன் என்னை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. நான்தான் வளர்த்தேன் என்றாலும் அக்காதான். அவன் குடுவையை எடுத்துக் கொடுத்தேன். குடித்தான்.

"நாலாம் தொட்டி மாதிரி மட்டும் எடுத்துட்டு வந்துரு. அப்புறம் வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

மேஸ்திரி, "நான் எடுக்கறேன் மேடம்" என்றார்.

"இல்ல. அவனே எடுக்கட்டும்."

தம்பி தலையாட்டினான். நான் சொல்லி அவன் எதையும் செய்யாமல் இருந்ததில்லை. மேஸ்திரியை வேறு வேலை சொல்லிக் கிடங்குக்கு அனுப்பினேன். என் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி உண்டு. என் பக்கம் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவன் படி ஏறினான், கைப்பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தான், மூடியைத் திறந்தான், கரண்டியை உள்ளே விட்டான். மாதிரி எடுத்துவிட்டான் என்பதையும் சொல்ல வேண்டும். துளி சிந்தாமல் புட்டியில் ஊற்றி மூடினான். பிறகு நடைபாதையிலேயே கால் நீட்டி உட்கார்ந்தான். கரண்டி மடியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கால்கள் உதற ஆரம்பித்தன.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கும் ஆடியது. கை எழுத விடவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினேன். மூன்று மணி நாலாவது நிமிடத்தில் உட்கார்ந்தான். மூன்று பதினைந்துக்கு அசைவு நின்றது. இடையில் ஒருமுறை கண்ணாடிப் பக்கம் திரும்பினான். என்னைப் பார்த்தானா, அதில் தெரிந்த விளக்கைப் பார்த்தானா என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாததை நான் எழுதவில்லை. மூன்று பதினாறுக்குத் தகடுகளை முழுக்கத் திறந்தேன். மூன்று இருபதுக்கு, கூடம் கொஞ்சம் தணிந்தபின், அபாய மணியை அடித்தேன்.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். பலகையில் முப்பத்தேழு இருந்ததைப் பாதுகாப்பு அதிகாரி படம் எடுத்து வைத்துக்கொண்டார். விதிப்படி எல்லாம் சரி. ஆலை மூன்று நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தது. காரியங்கள் அத்தனையும் நான் முன்னின்று செய்தேன். வந்தவர்கள் எல்லாம், தாயில்லாப் பிள்ளையைத் தாயாக வளர்த்தவள் என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். பொய்யாக இல்லை. மராமத்து முடிந்து கூடம் திறந்தபோதும் துக்கத்துக்காக ஒரு வாரம் சூட்டை ஏற்றவில்லை.

பிறகு வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோனது. தம்பி மனைவிக்கு வேறு தொழில் தெரியாது. கணவன் இறந்தால் அந்த இடத்தை மனைவிக்குக் கொடுக்கும் வழக்கம் ஆலையில் உண்டு. அலுவலக உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. மேலாளர் அதைத்தான் சொன்னார். நான்தான், கூடத்திலேயே இருக்கட்டும், என் கண்பார்வையில் இருப்பாள் என்று கேட்டு வாங்கினேன். அவள் என் காலைத் தொட்டாள். "உங்களை விட்டா எனக்கு யாரு அண்ணி" என்றாள். எழுப்பிவிட்டு நாடி பார்த்தேன். எழுபத்திரண்டு. அதுவரை நோட்டில் பெண் யாரும் இல்லை. அது ஒரு குறையாகவே இருந்தது.

அவளிடம் நான் அவசரப்படவில்லை. முதல் வாரம் தினம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு. உப்புப் போட்ட குடுவைதான் கொடுத்தேன். சீட்டுக் குலுக்கவில்லை. பாரபட்சம் என்றால் ஆமாம், பாரபட்சம்தான். மூன்று மாதத்தில் நாற்பத்தாறில் முழு நாளும் நின்றாள். ஆண்கள் ஒருவராலும் முடியாததை அவள் செய்தாள். ஒருமுறை மயக்கம் வந்து உட்கார்ந்தவள், நான் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு, எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று எழுந்து நின்றாள். இதை அவளே வீட்டில் சொன்னாள்.

நோட்டை அவள் எப்படிப் பார்த்தாள் என்று கேட்டீர்கள். ஒளித்து வைக்கவே இல்லையே. ஞாயிற்றுக்கிழமை என் மேலங்கியைத் துவைக்க எடுத்திருக்கிறாள். பையில் நோட்டு இருந்திருக்கிறது. நனையக்கூடாதே என்று எடுத்துத் திண்டில் வைத்தவள், புருஷன் பெயரைப் பார்த்து நின்றிருக்கிறாள். அவனுடைய பக்கத்தின் கடைசி வரி, மூன்று நாலு, மூன்று பதினைந்து. ஈரக்கையோடு என் அறைக்கு வந்தாள்.

"அண்ணி, இந்தப் பதினோரு நிமிஷம் நீங்க எங்க இருந்தீங்க?"

"கண்ணாடிகிட்ட."

"பார்த்துக்கிட்டா?"

"ஆமா. உக்காரு, சொல்றேன்."

உட்கார வைத்து எல்லாவற்றையும் அவளுக்குப் புரியும்படி சொன்னேன். இரண்டு டிகிரி ஏற்றினது என் பிழை என்பதையும் மறைக்கவில்லை. அவளுடைய பக்கத்தைத் திருப்பிக் காட்டி, ஏழு பேரிலும் இல்லாத நாடி உனக்கு, இதை நினைத்து நீ பெருமைப்பட வேண்டும் என்றேன். அவள் நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, துணியைக் கூடப் பிழியாமல், செருப்பைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள்.

என் தம்பியைக் கொன்றது நான்தான். வாத்தியார் நடக்க முடியாமல் கிடப்பதும் என்னால்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் என்மேல் ஆறாத கோபமாக இருக்கிறாள் என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு விளங்கவில்லை. அவளுக்குக் கெடுதல் செய்ததாக நான் நினைக்கவில்லை. அவள் பிழைத்துக்கொள்ள வேண்டும், அவளுக்கென்று இனி யாரும் இல்லை. அதனால் அக்கறையோடு ஒன்று சொல்கிறேன், மேலாளரிடம் தெரிவித்துவிடுங்கள். அவள் கூடத்துக்குத் திரும்பி வந்தால் நாற்பத்தாறிலேயே நிற்க வைக்கட்டும். பாவம் பார்த்துக் கீழே இறக்கிவிட வேண்டாம். இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டேன், அடுத்த அரை டிகிரியை அவள் தாங்குவாள்.